சாதாரண காருக்கு ஆஃப்டர்மார்க்கெட் எஞ்சின் புல்லி: எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது

எஞ்சின் முன்னால் இருக்கும் கனமான இரும்புப் புல்லியைக் கழற்றிவிட்டு, அலுமினியத்தில் கடைந்த இலேசான ஆஃப்டர்மார்க்கெட் புல்லியை, அதாவது கார் கம்பெனி அல்லாத வெளியார் செய்ததைப் போட்டால் பிக்கப் கூடும், மைலேஜ் கூடும், பவர் ஏறும் என்கிறார்கள் விற்பவர்கள். இதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அந்தக் கொஞ்சம் எவ்வளவு, அது எந்தக் காருக்குப் பொருந்தும், எந்தக் காரில் எஞ்சினையே பதம் பார்க்கும் என்பதை வாங்கும் முன்பே கணக்குப் போட்டுத் தெரிந்துகொள்ள முடியும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தினமும் ஓட்டும் காரின் கிராங்க் புல்லிக்குள் (எஞ்சினின் முன்முனையில் இருக்கும் புல்லி) டேம்பர், அதாவது அதிர்வை அடக்கும் அமைப்பு, இருந்தால், டேம்பர் இல்லாத புல்லியை அந்த இடத்தில் போடக்கூடாது. மற்றவற்றில் பெரும்பாலானவை லாப நஷ்டம் பார்த்து முடிவு செய்யக்கூடியவை. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதையும், அப்படியும் மாற்றத்தான் வேண்டும் என்றால் எப்படி மாற்றுவது என்பதையும் வரிசையாகப் பார்க்கலாம்.

படி 1: காரில் இப்போது இருப்பது என்ன?

கிராங்க்‌ஷாஃப்ட்டின் (பிஸ்டன்கள் சுழற்றும் எஞ்சின் தண்டின்) முன்முனையில் ஒரு பெரிய போல்ட்டால் இறுக்கியிருப்பது கிராங்க் புல்லி. அதிலிருந்து ஓடும் பெல்ட்தான் மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரையும் ஏசி கம்ப்ரசரையும், பல கார்களில் வாட்டர் பம்ப்பையும், கொஞ்சம் பழைய கார்களில் பவர் ஸ்டியரிங் பம்ப்பையும் சுற்றுகிறது. இவை ஒவ்வொன்றுக்கும் தனிப் புல்லி உண்டு. நடுவில் பெல்ட்டைத் திருப்பிவிட ஐட்லர், இழுத்துப் பிடிக்க டென்ஷனர்.

டார்ச் அடித்துக் கிராங்க் புல்லியின் முகத்தைப் பாருங்கள். நடுவில் இருக்கும் ஹப்புக்கும் வெளிவளையத்துக்கும் இடையே கறுப்பாக ஒரு ரப்பர் வளையம் தெரிந்தால், அது வெறும் புல்லி இல்லை. உள்ளே டேம்பர் இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். சில மாடல்களில் ரப்பர் பின்பக்கம் மறைந்திருக்கும்; அப்போது உங்கள் எஞ்சினின் பாகப் பட்டியலில் படத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். சில எஞ்சின்களில் கம்பெனியே ஒரே துண்டான திடப் புல்லியைத்தான் போட்டு அனுப்புகிறது. அந்த எஞ்சின்களில் இலேசான புல்லிக்கு மாறினால் டேம்பர் பறிபோகும் கேள்வியே இல்லை. ஆகவே இந்த ஒரு சோதனையே பாதி முடிவைச் சொல்லிவிடும்.

டேம்பர் என்ன செய்கிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். இந்த விஷயத்தின் உயிரே இதில்தான் இருக்கிறது.

ஒவ்வொரு முறை சிலிண்டரில் எரிபொருள் எரியும்போதும் கிராங்க்‌ஷாஃப்ட் கண்ணுக்குத் தெரியாத அளவு முறுகி, மறுபடி நிமிர்கிறது. நான்கு சிலிண்டர் எஞ்சினில் ஒரு சுற்றுக்கு இரண்டு எரிப்பு; 6,000 ஆர்பிஎம்மில் நொடிக்கு 200. அதன் மடங்குகளான 400, 600 ஹெர்ட்ஸிலும் சிறிய துடிப்புகள் இருக்கும். கிராங்க்‌ஷாஃப்ட்டுக்கோ, தானே முறுகி நிமிரும் இயல்பான அதிர்வெண் ஒன்று சில நூறு ஹெர்ட்ஸில் இருக்கிறது. ஆக்சிலரேட்டரை மிதித்து வேகம் ஏறும்போது ஏதோ ஒரு ஆர்பிஎம்மில் இரண்டும் ஒத்துப்போகும். அந்த இடத்தில் அதிர்வு ஒன்றின்மேல் ஒன்றாகப் பெருகும். சரியான சமயத்தில் தள்ளித் தள்ளி ஊஞ்சலை உயரத்துக்குக் கொண்டுபோவது போலத்தான். ரப்பரின் மேல் உட்கார்ந்திருக்கும் கனமான வெளிவளையம் அப்போது எதிர்த்திசையில் அசைந்து, அந்த ஆற்றலை ரப்பருக்குள் வெப்பமாக மாற்றி அடக்கிவிடுகிறது. அந்த வளையத்தின் எடையும் ரப்பரின் கடினமும் குறிப்பிட்ட ஒரு கிராங்க்‌ஷாஃப்ட்டுக்காகவே அளந்து வைக்கப்பட்டவை.

இது நேற்று வந்த சங்கதியும் இல்லை. 1900களின் முதல் பத்தாண்டில், நீண்ட கிராங்க்‌ஷாஃப்ட் கொண்ட ஆறு சிலிண்டர் எஞ்சின்கள் இந்த அதிர்வால் திணறியபோது, பிரெடரிக் லான்செஸ்டர் என்ற பிரிட்டிஷ் பொறியாளர் இதற்கான டேம்பரை உருவாக்கிக் காப்புரிமையும் பெற்றார். நூறு வருஷத்துக்கும் மேலாகியும் கம்பெனிகள் அந்தக் கூடுதல் இரும்பையும் ரப்பரையும் விடாமல் வைத்திருக்கின்றன. ஒவ்வொரு பாகத்திலும் செலவைக் குறைக்கப் பார்க்கும் தொழில் அது. தேவையில்லாத ஒன்றை இத்தனை காலம் சுமந்துகொண்டிருக்காது.

இங்கே ஒரு வாதம் அடிக்கடி வரும்: “இந்த எஞ்சின் உள்ளேயே பேலன்ஸ் செய்யப்பட்டது, எங்கள் புல்லியும் பேலன்ஸ் செய்யப்பட்டது, அதனால் டேம்பர் வேண்டாம்.” பேலன்ஸ் என்பது சுற்றும்போது பக்கவாட்டில் ஆடாமல் இருப்பது. முறுக்கு அதிர்வு என்பது தண்டே முறுகி நிமிர்வது. துல்லியமாகப் பேலன்ஸ் செய்த கிராங்க்‌ஷாஃப்ட்டும் முறுகத்தான் செய்யும். ஒன்றுக்கான பதிலை இன்னொன்றுக்குச் சொல்லி விற்கிறார்கள் என்பதுதான் எனக்குப் பெரிய ஆதங்கம்.

பேலன்ஸ் பற்றி இன்னொன்று. சில பழைய அமெரிக்க வி8 எஞ்சின்களில் பேலன்ஸுக்கான எதிர் எடையின் ஒரு பகுதி முன்பக்க டேம்பரில்தான் இருக்கும். அதில் எடையில்லாத புல்லியைப் போட்டால் ஸ்டார்ட் செய்த உடனேயே எஞ்சின் உதறும்.

அடுத்து ஆல்டர்னேட்டர் புல்லி. டீசல் கார்களிலும் நிறைய புதிய பெட்ரோல் கார்களிலும் இதற்குள் ஒருவழி கிளட்ச் இருக்கிறது. எஞ்சினின் துடிப்பு பெல்ட்டை இழுத்து விடும்போதெல்லாம் ஆல்டர்னேட்டருக்குள் சுற்றும் கனமான ரோட்டர் தன் வேகத்திலேயே சுற்றிக்கொள்ள அது வழிவிடுகிறது. எஞ்சினை அணைத்து, பெல்ட்டைக் கழற்றி, உள்ளே இருக்கும் ரோட்டர் விசிறியைப் பிடித்துக்கொண்டு புல்லியைத் திருப்பிப் பாருங்கள். ஒரு திசையில் பிடித்துக்கொண்டு மறுதிசையில் சும்மா சுற்றினால் ஒருவழி கிளட்ச். பிடிக்கும் திசையில் ஸ்பிரிங் போல இளகிக் கொடுத்தால் அது டிகப்ளர் வகை. இந்த இரண்டில் எதற்கும் பதிலாகத் திடமான அலுமினியப் புல்லி போட வேண்டாம். பெல்ட் படபடவென்று அடிக்கும், டென்ஷனர் சீக்கிரம் தேயும்.

இன்னும் இரண்டு இடங்களில் கையை எடுத்துவிடலாம். பல 48 வோல்ட் மைல்ட் ஹைப்ரிட் கார்களில் (எஞ்சினுக்குச் சிறு மின்மோட்டார் உதவும் கார்கள்) பெல்ட் வழியாகவே எஞ்சின் ஸ்டார்ட் ஆகிறது. பெல்ட் இரு திசையிலும் இழுவை தாங்குகிறது. அங்கே புல்லியின் அளவையோ எடையையோ மாற்றாதீர்கள். கிராங்க்கின் வேகத்தை அளக்கும் சென்சாருக்கான பல்வளையம் புல்லியிலேயே இருக்கும் எஞ்சின்களும் உண்டு. அந்தப் பல் துல்லியமாக இல்லாத புல்லியைப் போட்டால் வண்டி ஸ்டார்ட் ஆகாது, அல்லது தாறுமாறாக ஓடும்.

படி 2: கிடைக்கப்போவது எவ்வளவு?

ஆஃப்டர்மார்க்கெட் புல்லிகள் இரண்டு வழியில் லாபம் காட்டுகின்றன. ஒன்று எடை குறைவு. இன்னொன்று விட்டத்தை மாற்றி, ஆல்டர்னேட்டர், பம்ப், கம்ப்ரசர் எல்லாவற்றையும் மெதுவாகச் சுற்ற வைப்பது. இதை அண்டர்டிரைவ் என்பார்கள். இரண்டும் ஒரே புல்லியில் சேர்ந்தும் வரும். தனித்தனியாகவே கணக்குப் பார்ப்போம்.

முதலில் எடை. 150 மில்லிமீட்டர் விட்டத்தில் 2.5 கிலோ இரும்புப் புல்லிக்குப் பதிலாக 0.7 கிலோ அலுமினியப் புல்லி போடுகிறோம் என்று வையுங்கள். இரண்டையும் சீரான தட்டு என்று கொண்டால், சுழற்சி நிலைமம் சுமார் 0.005 கிலோகிராம் சதுர மீட்டர் குறைகிறது. இந்தக் குறைவு, காரை நேராகத் தள்ளும்போது எத்தனை கிலோவைக் குறைத்ததற்குச் சமம் என்று பார்க்க, மொத்த கியர் விகிதத்தை டயர் ஆரத்தால் வகுத்து, அதன் வர்க்கத்தால் பெருக்க வேண்டும். முதல் கியரில் மொத்த விகிதம் 14, டயர் ஆரம் 0.3 மீட்டர் என்றால் வருவது ஏறக்குறைய 11 கிலோ. ஐந்தாவது கியரில் மொத்த விகிதம் 3.2 என்றால் வருவது 0.6 கிலோ. எடை முழுவதும் விளிம்பிலேயே இருக்கிறது என்று தாராளமாகக் கொண்டாலும் இரட்டிப்பாகுமே தவிர அதைத் தாண்டாது.

அதாவது 1,200 கிலோ காரில், முதல் கியரில் மட்டும் ஒரு சதவீதம் பக்கம், மேல் கியர்களில் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. டிக்கியில் தேவையில்லாமல் கிடக்கும் சாமானை இறக்கினாலே எல்லா கியரிலும் இதைவிடக் கூடுதலாகக் கிடைக்கும். நியூட்ரலில் மிதித்தால் எஞ்சின் சட்டென்று ஏறி இறங்குவது மட்டும் கொஞ்சம் உணர முடியும், ஏனென்றால் அங்கே எஞ்சின் தன்னை மட்டும்தான் சுற்றுகிறது. அந்த உணர்வைத்தான் பலர் பவர் ஏறிவிட்டது என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

சீரான வேகத்தில் போகும்போது சுற்றும் பாகத்தின் எடைக்கு எந்தச் செலவும் இல்லை. சுழற்சி நிலைமம் வேகம் மாறும்போதுதான் கணக்கில் வரும். எனவே நெடுஞ்சாலை மைலேஜில் இலேசான புல்லியால் மாற்றம் எதிர்பார்க்க வேண்டாம். டைனோ (பவர் அளக்கும் கருவி) சீட்டில் சில குதிரைத்திறன் கூடியதாகக் காட்டுவார்கள். உருளையை வேகமெடுக்க வைத்து அளக்கும் டைனோவில், எஞ்சின் பாகங்களை வேகமெடுக்க வைக்கச் செலவாகும் பவர் குறைந்தால் அளவு கூடுதலாகத் தெரிவது இயல்பு. அந்தச் சீட்டு பொய் இல்லை. ஆனால் எஞ்சின் உண்டாக்கும் பவர் கூடியதாக அதற்குப் பொருளும் இல்லை.

சரி, அண்டர்டிரைவ். இதில் உண்மையாகவே பவர் மிச்சமாகும். வாட்டர் பம்ப் எடுத்துக்கொள்ளும் பவர் வேகத்தின் மும்மடியைப் பொறுத்தது. 20 சதவீதம் மெதுவாகச் சுற்றினால் தண்ணீர் ஓட்டம் 20 சதவீதம் குறையும், பம்ப் தின்னும் பவரோ பாதியாகும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்தப் பவர் பெரிய தொகையாக இருப்பது உச்ச ஆர்பிஎம்மில்தான். ரேஸ் கார்களில் இது பழக்கமானதும் அதனால்தான். அங்கே எஞ்சின் நாள் முழுக்க உச்சத்தில் ஓடுகிறது. பம்ப்பும் ஆல்டர்னேட்டரும் தேவைக்கு மேல் சுற்றிச் சூடாகின்றன, பெல்ட் கழன்று விழுகிறது. 2,000 ஆர்பிஎம்மில் அலுவலகம் போய்வரும் காரில் அந்தப் பிரச்சினையே கிடையாது.

ஆல்டர்னேட்டரில் கணக்கு இன்னும் சுருங்கும். ஹெட்லைட், ஏசி விசிறி, ஃபியூயல் பம்ப் எல்லாம் கேட்கும் மின்சாரம் அப்படியேதான் இருக்கிறது. ஆல்டர்னேட்டர் மெதுவாகச் சுற்றினால் அதே மின்சாரத்துக்கு அதிக டார்க் (சுற்றும் விசை) இழுக்கும். உராய்விலும் காற்றைக் கிளறுவதிலும் போகும் கொஞ்சம்தான் மிச்சம். எலக்ட்ரிக் பவர் ஸ்டியரிங் உள்ள காரில் ஸ்டியரிங் பம்ப்பே இல்லை. அங்கே மிச்சம் பிடிக்க ஒன்றும் இல்லை. ஆக, கார் புதிதாக ஆக, அண்டர்டிரைவின் லாபம் குறைகிறது.

படி 3: இழப்பது எவ்வளவு?

அண்டர்டிரைவின் இழப்பு ஐடிலிங்கில் தெரியும். கிராங்க் புல்லி 150, ஆல்டர்னேட்டர் புல்லி 60 மில்லிமீட்டர் என்றால் விகிதம் 2.5. எஞ்சின் 750 ஆர்பிஎம்மில் நிற்கும்போது ஆல்டர்னேட்டர் 1,875 ஆர்பிஎம்மில் சுற்றும். கிராங்க் புல்லியை 120 ஆக்கினால் அது 1,500 ஆகிவிடும். ஆல்டர்னேட்டரின் உடலில் எழுதியிருக்கும் ஆம்பியர் அளவு பொதுவாக 6,000 ஆர்பிஎம் அளவில் கிடைப்பது. கீழே வர வர அது வேகமாகச் சரியும். இரவு, மழை, வைப்பர், ஹெட்லைட், ஏசி, சிக்னலில் நீண்ட நேரம் என்று எல்லாம் சேர்ந்தால் பாட்டரியிலிருந்து மின்சாரம் எடுக்க வேண்டிவரும். தினமும் இப்படி நடந்தால் பாட்டரியின் ஆயுள் போய்விடும்.

ஏசியும் அதே போல. கம்ப்ரசர் மெதுவாகச் சுற்றினால் நெரிசலில் நிற்கும்போது குளிர்ச்சி குறையும். எஞ்சின் வெப்பம் நெடுஞ்சாலையில் பிரச்சினை தராது. வெயிலில், ஏசி போட்டு, மேட்டில் மெதுவாக ஏறும்போது குறைந்த தண்ணீர் ஓட்டம் காட்டிக்கொடுக்கும். ஹைட்ராலிக் ஸ்டியரிங் காரில் நிறுத்துமிடத்தில் திருப்பும்போது கனமாக இருக்கும்.

டேம்பரை எடுத்துவிட்டால் வரும் இழப்பு இப்படிக் கண்ணுக்குத் தெரியாது. முறுக்கு அதிர்வு மெயின் பேரிங்கிலும், கிராங்க்கின் முன்முனையில் இருக்கும் கீயிலும் (புல்லி நழுவாமல் பிடிக்கும் சிறு உலோகத் துண்டு), வால்வுகள் திறக்கும் நேரத்தைக் காக்கும் டைமிங் செயினிலும் வேலை காட்டும். ஆயில் பம்ப்பை நேரடியாகக் கிராங்க்கே சுற்றும் எஞ்சின்களில் பம்ப்பின் கியர் வெடிக்கலாம்; கியர் உடைந்த நொடியில் ஆயில் அழுத்தம் போய்விடும், அப்புறம் எஞ்சின் முழுவதும் போய்விடும். கடைசியில் கிராங்க்‌ஷாஃப்டே களைத்துப் பிளவு விடலாம். நீண்ட கிராங்க் கொண்ட வரிசை ஆறு சிலிண்டருக்கு ஆபத்து அதிகம், குட்டையான கிராங்க்குக்குக் குறைவு. குறைவு என்றால் இல்லை என்று ஆகாது.

“என் நண்பர் பல வருஷமாக ஓட்டுகிறார், ஒன்றும் ஆகவில்லை” என்பதும் உண்மையாக இருக்கலாம். ஆபத்தான ஆர்பிஎம்மில் எவ்வளவு நேரம் இருந்தீர்கள் என்பதைப் பொறுத்தே உலோகம் களைக்கிறது. மெதுவாக ஓட்டுபவரின் எஞ்சின் அந்த இடத்தைத் தொடுவதே இல்லை. ஆனால் மெதுவாக ஓட்டுபவருக்கு இலேசான புல்லியால் கிடைப்பதும் ஒன்றும் இல்லை. வேகமாக ஓட்டுபவருக்குத்தான் லாபம், அவருடைய எஞ்சினுக்குத்தான் ஆபத்து. இதனால்தான் சாதாரண காரில் இந்த மாற்றம் எந்தப் பக்கம் பார்த்தாலும் கணக்குக்குக் கட்டுவதில்லை என்கிறேன்.

இன்னொரு தொல்லையும் உண்டு. இன்றைய எஞ்சின் கம்ப்யூட்டர் கிராங்க் வேகத்தின் நுண்ணிய ஏற்ற இறக்கத்தைப் பார்த்துத்தான் மிஸ்ஃபயரை (சிலிண்டரில் எரிப்பு தவறுவதை) கண்டுபிடிக்கிறது. அதிர்வு மாறினால், ஒழுங்காக எரியும் எஞ்சினிலேயே பி0300 போன்ற பிழைக் குறியீடு விழுந்து செக் எஞ்சின் விளக்கு எரியக்கூடும். வாரண்டி இருக்கும் காரில் எஞ்சின் பழுது வந்தால் இந்தப் புல்லியைக் காரணம் காட்டிக் கம்பெனி கை விரிக்க இடம் கொடுக்கிறீர்கள் என்பதையும் யோசியுங்கள்.

படி 4: அப்படியானால் யார் மாற்றலாம்?

முதல் ஆள், பழைய டேம்பர் கெட்டுப்போனவர். ரப்பர் காலப்போக்கில் காய்ந்து வெடிக்கும், ஆயில் பட்டால் உப்பும். புல்லி ஓடும்போது முகம் அலையும், பெல்ட் ஒரு பக்கமாகத் தேயும், வெளிவளையம் நழுவி டைமிங் குறி இடம் மாறும். இதை விட்டுவைத்தால் வளையம் பிய்ந்து மற்றதையெல்லாம் உடைக்கும். இவருக்கு ஆஃப்டர்மார்க்கெட் நல்ல வழிதான். கம்பெனிப் பாகத்தின் எடையிலும் விட்டத்திலும் டேம்பரோடு செய்யப்பட்டதாகப் பார்த்து வாங்க வேண்டும்.

இரண்டாவது, எஞ்சினை மாற்றியமைத்துப் பவர் ஏற்றியவர். கம்பெனி டேம்பர் பழைய பவருக்கும் பழைய உச்ச ஆர்பிஎம்முக்கும் அளந்தது. இவருக்குத் தேவை இன்னும் நல்ல டேம்பர்; இலேசான புல்லி இல்லை. ஃப்ளூயிடாம்பர் தயாரிப்பில் வளையம் கெட்டியான சிலிகான் திரவத்துக்குள் மிதக்கிறது. ஏடிஐயின் சூப்பர் டேம்பரில் ரப்பர் வளையங்கள் கழற்றி மாற்றும்படி இருக்கின்றன. மோட்டார் பந்தயப் பாதுகாப்புக்கான எஸ்எஃப்ஐ 18.1 தரம் டேம்பர்களுக்கானது. அந்த முத்திரை இருந்தால் உச்ச வேகத்தில் சிதறாது என்பதற்குச் சோதனை நடந்திருக்கிறது என்று பொருள்.

மூன்றாவது, சூப்பர்சார்ஜர் (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) உள்ள காரை வைத்திருப்பவர். முதல் தலைமுறை பிஎம்டபிள்யூ மினி கூப்பர் எஸ் போன்ற கார்களில் சூப்பர்சார்ஜரின் புல்லியைச் சிறிதாக்கினால் அது வேகமாகச் சுற்றும், பூஸ்ட் (உள்ளே போகும் காற்றின் அழுத்தம்) கூடும். புல்லியால் கணிசமாகப் பவர் ஏறும் இடம் உண்மையில் இது ஒன்றுதான். அதோடு உள்ளே போகும் காற்றின் வெப்பமும் ஏறும், எரிபொருளும் இக்னிஷன் நேரமும் அதற்கேற்ப மாற்றப்பட வேண்டும். டியூனிங் இல்லாமல் புல்லியை மட்டும் மாற்றி ஓட்டாதீர்கள்.

மற்றவர்கள் அந்தப் பணத்தில் நல்ல டயர் போடலாம். பிரேக்கும் சேர்ந்து நன்றாகும்.

படி 5: வாங்கும்போது பார்க்க வேண்டியவை

அலுமினியம் என்று மட்டும் எழுதியிருந்தால் போதாது. 6061-டி6 அல்லது அதைவிட வலுவான கலவையில் கடைந்ததா, பெல்ட் ஓடும் பள்ளங்களில் கடின அனோடைசிங் (மேற்பரப்பைக் கெட்டியாக்கும் முறை) இருக்கிறதா என்று கேளுங்கள். அனோடைசிங் இல்லாத அலுமினியத்தின் பள்ளங்களைத் தூசி மணற்காகிதம்போல் அறுத்துவிடும். வார்ப்பில் செய்து வண்ணம் அடித்தவற்றைத் தொடவே வேண்டாம். சூட்டில் அலுமினியம் இரும்பைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும் என்பதையும் மனதில் வையுங்கள். எஃகுக் கிராங்க் முனையில் குளிர்ந்திருக்கும்போது இறுக்கமாக உட்காரும் அலுமினிய ஹப் சூட்டில் தளரலாம். எஃகு ஹப் உள்ள தயாரிப்புக்கு இந்தக் கவலை இல்லை.

விட்டம் மாறினால் பெல்ட்டும் மாறும். பெல்ட்டில் 6பிகே1750 என்று இருந்தால் ஆறு வரிகள், 1,750 மில்லிமீட்டர் நீளம். கிராங்க் புல்லியைப் பாதிச் சுற்று தழுவி ஓடும் பெல்ட் என்றால், விட்டம் 30 மில்லிமீட்டர் குறையும்போது சுமார் 47 மில்லிமீட்டர் நீளம் மிஞ்சும். பழைய பெல்ட்டையே போட்டால் டென்ஷனர் தன் எல்லைக்குப் போய்விடும், பெல்ட் நழுவும். டென்ஷனரே இல்லாத எலாஸ்டிக் பெல்ட் உள்ள எஞ்சினில் விட்டத்தை மாற்றினால் அளந்து பொருந்தும் பெல்ட் கிடைக்குமா என்று முதலில் பாருங்கள். கிடைக்காவிட்டால் அந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள்.

படி 6: கழற்றும் முன் அளந்து வையுங்கள்

எஞ்சின் நன்றாகச் சூடேறியதும், ஐடிலிங்கில் ஹெட்லைட், ஏசி, பின்கண்ணாடி ஹீட்டர் எல்லாம் போட்டு, பாட்டரி முனைகளில் மல்டிமீட்டர் வைத்து வோல்டேஜைக் குறித்துக்கொள்ளுங்கள். காரின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஓபிடி கருவியில் எஞ்சின் வெப்பநிலை, ஏசி துவாரத்தில் வெப்பமானி வைத்துக் காற்றின் வெப்பநிலை. இவற்றைத் தாளில் எழுதி வையுங்கள். இந்த அளவுகள் இல்லாவிட்டால் மாற்றிய பிறகு எது கூடியது, எது குறைந்தது என்று சொல்லவே முடியாது. பெல்ட் ஓடும் பாதையையும் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 7: கழற்றுவதும் மாட்டுவதும்

உங்கள் எஞ்சினின் சர்வீஸ் மேனுவல் கையில் இல்லாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம். காரணம் இதுதான்: ஃபோர்டின் டியூரடெக் போன்ற சில எஞ்சின்களில் கிராங்க்குக்கும் டைமிங் சக்கரத்துக்கும் நடுவில் கீ கிடையாது. முன் போல்ட்டின் இறுக்கம் ஒன்றுதான் டைமிங்கைப் பிடித்துவைத்திருக்கிறது. கிராங்க்கையும் கேம்ஷாஃப்ட்டையும் அதற்கான ஊசிகளால் பூட்டாமல் அந்தப் போல்ட்டைத் தளர்த்தினால் டைமிங் நழுவும், வால்வு பிஸ்டனில் இடிக்கும். ஒரு புல்லி மாற்றப்போய் சிலிண்டர் ஹெட்டைக் கழற்றும் நிலை வரும்.

பாட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள். காரைத் தூக்கினால் ஸ்டாண்ட் போடாமல் கீழே போகாதீர்கள். டென்ஷனரைத் தளர்த்திப் பெல்ட்டை எடுங்கள். கிராங்க் போல்ட் மிக இறுக்கமாக இருக்கும். புல்லியைப் பிடிக்க அந்த எஞ்சினுக்கான கருவி கிடைக்கும், அதையே வாங்குங்கள். பல ஹோண்டா எஞ்சின்களில் புல்லியின் நடுவே 50 மில்லிமீட்டர் அறுகோணக் குழி இதற்காகவே இருக்கிறது. ரெஞ்ச்சைச் சேஸிஸில் முட்டுக்கொடுத்து ஸ்டார்ட்டரைத் தட்டிப் போல்ட்டைத் தளர்த்தும் குறுக்குவழி ஆபத்தானது. ரெஞ்ச் நழுவினால் கையோ முகமோ போகும்.

புல்லி வெளியே வர அடம்பிடித்தால், ஹப்பில் இருக்கும் திருகு துளைகளில் மாட்டும் புல்லரைப் பயன்படுத்துங்கள். வெளிவிளிம்பில் கொக்கி போட்டு இழுத்தால் நல்ல டேம்பரின் ரப்பர் கிழிந்துவிடும். சுத்தியலால் அடிக்கவும் கூடாது.

கழற்றியபின் முன் ஆயில் சீலைப் பாருங்கள். கசிவு இருந்தால் இப்போதே மாற்றிவிடுங்கள், வேலை பாதி முடிந்துதான் இருக்கிறது. புதிய ஹப்பின் மேல் சீல் உட்காரும் இடம் வழவழப்பாக, பழையதன் அதே விட்டத்தில் இருக்க வேண்டும். சீலின் உதட்டில் கொஞ்சம் எஞ்சின் ஆயில் தடவுங்கள். கிராங்க் முனையையும் ஹப்பின் உட்புறத்தையும் சுத்தமாகத் துடைத்து, கீயை நேராக வைத்து, கையால் தள்ளி உட்கார வையுங்கள்.

மேனுவல் புதிய போல்ட் போடச் சொன்னால் புதியதே போட வேண்டும். அந்த வகைப் போல்ட் இறுக்கும்போது நீண்டுகொடுக்கும்படி செய்யப்பட்டது, இரண்டாம் முறை அதே பிடி இருக்காது. டார்க் ரெஞ்ச்சில் சொன்ன நியூட்டன் மீட்டர், அதன் பிறகு சொன்ன கோணம். இம்பாக்ட் கன்னால் இறுக்கி முடித்துவிடாதீர்கள். போல்ட்டின் மரையில் ஆயில் போடுவதா, உலர்ந்தே வைப்பதா என்பதையும் மேனுவலே சொல்லும்; அதை மாற்றினால் டார்க் அளவுக்கே பொருளில்லாமல் போகும்.

பெல்ட்டை மாட்டியபின் நேரான இரும்பு ஸ்கேலைப் புல்லிகளின் முகத்தோடு வைத்துப் பாருங்கள். எல்லாப் பள்ளங்களும் ஒரே தளத்தில் ஓட வேண்டும். ஒரு மில்லிமீட்டருக்கு மேல் விலகல் தெரிந்தால் ஹப் முழுவதும் உட்காரவில்லை, அல்லது புல்லியே சரியாகச் செய்யப்படவில்லை. அப்படியே ஓட்டினால் கீச்சென்று சத்தம் வரும், பெல்ட் ஓரம் நூல் பிரியும்.

படி 8: ஓட்டிப் பார்த்து முடிவு செய்யுங்கள்

ஸ்டார்ட் செய்து புல்லி நேராகச் சுற்றுகிறதா என்று தள்ளி நின்று பாருங்கள்; பெல்ட் ஓடும் தளத்துக்கு நேராக நிற்காதீர்கள். சத்தம் இல்லையென்றால் அணைத்து, மரையிலோ சீலிலோ கசிவு இருக்கிறதா பாருங்கள். ஒரு நாள் ஓட்டியபின் பெல்ட்டின் ஓரத்தையும் டென்ஷனரின் குறியையும் மறுபடி பாருங்கள். கோணம் வைத்து இறுக்கிய போல்ட்டை மறுபடி இறுக்கத் தேவையில்லை; அதைத் தொடாமல் ஒரு பெயின்ட் கோடு போட்டு வைத்தால் நகர்ந்தால் தெரியும்.

அப்புறம் முன்பு எடுத்த அதே அளவுகளை, அதே சுமையில், அதே மாதிரி வெயிலில் எடுங்கள். முன்பு ஐடிலிங்கில் 13.8 வோல்ட் இருந்து இப்போது 12.8 பக்கம் வந்தால் பாட்டரி சார்ஜ் ஆகவில்லை என்று அர்த்தம். நெரிசலில் எஞ்சின் வெப்பநிலை முன்பைவிட ஏறி அங்கேயே நின்றால் வாட்டர் பம்ப் ஈடுகொடுக்கவில்லை. குறிப்பிட்ட ஓர் ஆர்பிஎம்மில் மட்டும் புதிதாக ஒரு முனகலோ அதிர்வோ கேட்டால் அது கிராங்க் முறுகும் இடமாக இருக்கலாம். பழகிவிடும் என்று விடாதீர்கள். இவற்றில் எது வந்தாலும் பழைய புல்லியையும் பழைய பெல்ட்டையும் திரும்பப் போடுங்கள்.

அதற்காகவே கழற்றிய கம்பெனிப் புல்லியைக் காயலான் கடைக்குப் போடாமல், ஆயிலும் வெயிலும் படாத இடத்தில் தட்டையாக வையுங்கள். காரை விற்கும் நாளிலும் அதைத்தான் வாங்குபவர் கேட்பார்.